ஈடு பெற்றவர் யாவர்?

அடிமைமுறையை ஒழித்தது பிரித்தானியப் பேரரசின் பெருமை எனப் பலரும் போற்றுவர். அப்பெருமையின் வரவுசெலவை நோக்குவோர் சிலரே.

1833ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 8 லட்சம் மாந்தரின் விடுதலைக்கு வழிவகுத்தது. அதற்கென நாடாளுமன்றம் 2 கோடிப் பவுன் ஒதுக்கியது. அந்நாளில் அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரு பங்கு அது. அத்தொகை உடைமையாளர்க்கே சென்றது. ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் முதுகொடிய உழைத்தவர்க்கு ஒரு காசும் இல்லை. மனிதரைப் பொருளென மதித்தது தவறு என்று கூறிய சட்டமே அப்பொருளுக்கு விலையும் கொடுத்தது என்பதே என் குறை. விடுதலை பெற்றோரும் 'தொழில் பயில்வோர்' என்னும் பெயரில் 1838 வரை அதே தோட்டங்களில், வாரத்திற்கு 45 மணி நேரம் வரை கூலியின்றி உழைத்தனர். பிறந்தது முதல் கரும்பு வெட்டியவர்க்கு இன்னும் என்ன பயிற்சியோ!

ஈட்டுத்தொகைக்காக வாங்கிய கடன் 2015இல்தான் முற்றும் தீர்ந்தது. அடிமைப்பட்டோரின் வழித்தோன்றல்களுள் பிரித்தானியாவில் குடியேறியோர் செலுத்திய வரியும் அதில் கலந்திருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளை அச்சட்டம் விலக்கியே வைத்தது. இந்தியாவுக்கான சட்டம் 1843இல்தான் வந்தது. அதற்குள்ளாகவே, மொரீசியஸ் தோட்டங்களின் ஆள்குறையை நிரப்ப ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறத் தொடங்கியிருந்தனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர்.