பொருளாதார நிபுணர்களின் "தகுதி"

அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் பொருளாதார சாஸ்திரத்தில் டாக்டர் பட்டத்திற்குப் படிக்கின்றவர்களைப் பற்றி நம் கிராமத்துத் தோழர்களுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கவலை உண்டு. அந்தப் பட்டம் வாங்கினவர்களில் பலர்தான் உலக பாங்கியிலும், சர்வதேச நிதி ஸ்தாபனத்திலும், சர்க்கார்களின் ஆலோசனைச் சபைகளிலும் உட்கார்ந்துகொண்டு, ஏழைக்கு அரிசி மலிவாய்க் கொடுக்கலாமா, கூலிக்காரனுக்குக் கூலி எவ்வளவு இருக்கலாம் என்று யோசனை சொல்லுகின்றார்கள். ஆகவே அந்த வாசற்படியில் யார் உள்ளே விடப்படுகின்றார்கள், யார் வெளியே நிறுத்தப்படுகின்றார்கள் என்று பார்ப்பது நம்முடைய வேலையேயாகும்.

கேட்டால், தகுதியைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை என்பார்கள். சரி, அந்தத் தகுதிதான் என்ன?

பொருளாதாரத்தில் முதல் வகுப்பில் தேறிவிட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. கணிதம் வேண்டும். அதிலும் "ரியல் அனாலிசிஸ்" என்கின்ற உயர்தரக் கணிதம் படித்திருந்தால்தான் பெரிய இடங்களில் மதிப்பு. வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளிருக்கின்றவன் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்தே அதற்குத் தயாராகின்றான். ஆளில்லாதவன் கடைசி வருஷத்தில் கேள்விப்பட்டு விழிக்கின்றான். அப்புறம் சிபார்சுக் கடிதங்கள் மூன்று. பாடம் சொன்ன உபாத்தியாயர் மனமுவந்து எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. கமிட்டியாருக்குப் பெயர் தெரிந்த பேராசிரியர் எழுதினால்தான் அதற்குக் கனம். அப்படிப்பட்ட கடிதத்தை எதிர்பார்த்தே பட்டம் பெற்ற பிள்ளைகள் இப்பொழுது ஒரு வருஷம், இரண்டு வருஷம் பேராசிரியர்களிடம் ஆராய்ச்சி உதவியாளர்களாகக் காத்துக் கிடக்கின்றார்கள். அதற்கு "பிரீடாக்" என்று ஒரு பெயரும் வைத்தாய்விட்டது. மனுக் கட்டணமோ பெரும்பாலும் ஓரிடத்திற்கு 75 டாலர் முதல் 125 டாலர் வரை. பத்துப் பதினைந்து இடங்களுக்குப் போடுகின்றவர்கள் அநேகர். ஏழைகளுக்குத் தள்ளுபடி உண்டே என்பார்கள். தள்ளுபடி உண்டென்று தெரிவதற்கும் ஒருவர் சொல்ல வேண்டாமா?

இதன் பலனை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. ராபர்ட் ஷுல்ட்ஸ், அன்னா ஸ்டான்ஸ்பரி என்கின்ற இருவர் 2022-இல் கணக்கெடுத்து வெளியிட்டிருக்கின்றார்கள். 2010 முதல் 2018 வரை பொருளாதார டாக்டர் பட்டம் வாங்கிய, அமெரிக்காவில் பிறந்தவர்களில், 100-க்கு 65 பேருக்குத் தாயோ தகப்பனோ மேற்பட்டம் பெற்றவர். எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால் இது 100-க்கு 50-தான். தாய் தகப்பன் இருவருமே காலேஜ் பட்டம் பெறாத வீட்டிலிருந்து வந்தவர்கள் பொருளாதாரத்தில் 14 பேர். எல்லாத் துறைகளிலும் 26 பேர். போட்டி, சுதந்திரச் சந்தை என்று உலகத்திற்கெல்லாம் உபதேசம் செய்கின்ற சாஸ்திரத்தின் சொந்த வீட்டு நிலைமை இது! வருணாசிரமத்தில் தொழில் பரம்பரையாய் வந்தது என்றால் நாம் கண்டிக்கின்றோம். இங்கே பரம்பரையாய் வருவதற்குத் தகுதி என்று பெயர் சூட்டினால் மட்டும் கும்பிட வேண்டுமா?

தகுதியைக் குறைத்தால் சாஸ்திரம் கெட்டுப்போகும் என்று அழுகின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. கணிதம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேண்டியதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிறகு பரீட்சை வையுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். டாக்டர் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தார் என்றால், அது பரோடா சமஸ்தானத்து உபகாரச் சம்பளத்தினால். அந்தப் பணம் வருவதற்கு முன்னும் அவருக்கு மூளை இருந்தது, வழிதான் இல்லை.

நிற்க, உள்ளே போனவர்களின் வாழ்வையும் பார்ப்போம். பெரிய இடங்களில் கல்விக் கட்டணம் இல்லை, உபகாரச் சம்பளமும் உண்டு. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முதல் வருஷம் முழுவதும் கணக்குப் பாடம், முடிவில் பரீட்சை, சில இடங்களில் தவறினால் வெளியே. பிறகு நாலைந்து வருஷம் ஒரு பேராசிரியரின் அபிப்பிராயத்தை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும், ஏனெனில் உத்தியோகத்திற்கும் அவருடைய கடிதமே வேண்டும். அந்நாட்டின் எட்டுப் பொருளாதார இலாகாக்களில் விசாரித்து வெளியான ஆராய்ச்சியில், மாணவர்களில் 100-க்கு 18 பேர் மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களாய்க் காணப்பட்டார்கள். 11 பேர் அதற்கு முந்திய இரண்டு வாரத்திற்குள் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். பரம்பரைப் படிப்புள்ள வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த இடத்திலேயே இப்படியென்றால், முதன்முதலாகப் படிக்க வந்தவன், செய்தி சொல்லி அழக்கூட வீட்டில் விஷயம் தெரிந்தவர் இல்லாதவன், என்ன பாடுபடுவான்?

இன்னொரு வேடிக்கை. கூலியைப் பற்றிப் புத்தகம் புத்தகமாய்ப் படிக்கின்ற இவர்கள் வாங்குவது கூலியா, தர்மமா என்றே வெகுநாள் வழக்கு நடந்தது. தனியார் சர்வகலாசாலைகளில் பாடம் சொல்லியும் ஆராய்ச்சிக்கு உதவியும் சம்பளம் வாங்கும் மாணவர்களும் தொழிலாளர்களே என்று 2016-இல் அந்நாட்டுத் தொழில் உறவு போர்டு கொலம்பியா வழக்கில் தீர்ப்பளித்தது. 2022 நவம்பரில் கலிபோர்னியாவின் அரசாங்கச் சர்வகலாசாலையில் சுமார் 48,000 பேர் சம்பளத்திற்காக வேலை நிறுத்தம் செய்தார்கள்.

இந்த இலாகாக்கள் வருஷந்தோறும் தங்கள் மாணவர்களுக்கு எங்கெங்கே உத்தியோகம் கிடைத்தது என்று பெருமையாய் ஜாபிதா போடுகின்றன. அதே தாளில், அந்த வருஷம் சேர்த்துக்கொண்டவர்களில் எத்தனை பேருடைய தாய் தகப்பன்மார் காலேஜ் வாசலை மிதித்தவர்கள், எத்தனை பேருடையவர் மிதியாதவர்கள் என்று ஒரு வரி சேர்த்துப் போடட்டும். தகுதிக்கு வேறு சாட்சி வைத்திருந்தால் அதையும் கூடவே போடட்டும்.