பொறுப்பவர்

ஆஸ்பத்திரியில் ‘பேஷண்ட் யார்?’ என்று கேட்டால், உடம்பு சரியில்லாதவரைக் கை காட்டுகிறோம். அந்தச் சொல்லுக்குள் நோய் என்று எதுவும் கிடையாது. லத்தீனில் ‘பதி’ (கணவருக்குச் சம்பந்தமில்லை) என்ற வினைக்குத் துன்பத்தைத் தாங்குதல் என்று பொருள். பேஷண்ட், வலியைப் பொறுப்பவர். பொறுமையைச் சொல்லும் பேஷன்ஸும் அதே வயிற்றுப் பிள்ளை. தமிழின் நோயாளி வெறுமனே நோயை உடையவர். தாங்கும் பொருள் நமக்கு ‘நோன்பு’க்குள் இருக்கிறது. நோன்றல் என்றால் பொறுத்தல்.

அந்த லத்தீன் அர்த்தத்துக்கு முழுத் தகுதியுள்ள ஒரு பேஷண்டின் கதை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்குகிறது. பெயர் கவாஸ்ஜி. மராட்டியர், ஆங்கிலேயப் படையின் மாட்டு வண்டிக்காரர். 1792 யுத்தத்தில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார் என்று லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ 1794 அக்டோபர் இதழில் எழுதியது. (மூக்கறுப்பு அந்தக் காலத்துப் போர்களில் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து மூக்குகளை அறுத்ததும், திருமலை நாயக்கர் பக்கம் பதிலுக்கு அறுத்ததும் நம் சரித்திரத்தில் ‘மூக்கறு போர்’.)

சுமார் ஒரு வருடம் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகே புது மூக்கு வைத்தவர் டாக்டர் அல்ல, செங்கல் சூளைத் தொழில் செய்யும் சாதிக்காரர். பார்த்தவர்கள் இரண்டு ஆங்கிலேய சர்ஜன்கள். மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிக் கோடு போட்டு, தோலை உரித்தார். புருவங்களுக்கு நடுவே மட்டும் ஒரு துண்டை அறுக்காமல் விட்டார். ரத்தம் ஓடவேண்டுமே! தோலைத் திருப்பி மூக்கிருந்த இடத்தில் பதித்து, ஒட்டுவதற்குத் தையல் போடாமல் தண்ணீரில் குழைத்த காசுக்கட்டியைத் துணியில் தடவி வைத்தார். ஆம், வெற்றிலையோடு மெல்லுகிற அதேதான். நான்கு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. சுமார் 25ஆம் நாள் அந்த இணைப்பை வெட்டினார்.

இத்தனையும் மயக்க மருந்து இல்லாமல். பாஸ்டன் ஆஸ்பத்திரியில் ஈதர் கொடுத்து அறுவை செய்து காட்டியது 1846இல்தான்.

லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன் இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு, பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் ஒரு ராணுவ அதிகாரிக்கு இதே முறையில் மூக்கு வைத்தார். 1816இல் புத்தகமும் போட்டார். புனேக்காரரின் பெயரை ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ குறிப்பிடவில்லை. பேஷண்டின் பெயர் மட்டும், படத்தோடு, நிலைத்துவிட்டது.