செவ்வாய் மலையும் கருணாபுரத்துத் தெருவும்

ஏழை மக்கள் மலிந்த நாட்டிற்கு வேற்றுக் கோளின் மலையைப் படம் பிடிக்கும் வேலை எற்றுக்கு என வினவுவோர் பலர். 2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேர்க்கு மேல் மாண்டனர். அதன் பின்னர் அவ்வினா முன்னிலும் உரக்க எம் செவியில் ஒலிக்கின்றது. அதனைத் தட்டிக் கழித்தல் முறையன்று. ஆராய்ந்து விடை கூறுதலே முறை.

முதற்கண், படம் பிடிக்கப்பெற்றது யாதெனக் காண்போம். 2013 நவம்பர் 5ஆம் நாள் ஏவப்பெற்ற மங்கள்யான் என்னும் நம் நாட்டு விண்கலம், 2014 செப்டம்பர் 24ஆம் நாள் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் வண்ணக் காமிரா 2015 பிப்ரவரி 25ஆம் நாள், 3,192 கிலோமீட்டர் உயரத்தினின்று, திர்ரேனஸ் மோன்ஸ் என்னும் அவிந்த எரிமலையைப் படம் பிடித்தது. 350 கோடி ஆண்டுகட்கு மேற்பட்ட மூப்புடைய அம்மலை, சாம்பற் படிவு மிகுந்தது என்பர் அறிஞர். ஆதலின் எளிதில் அரிப்புண்டு, சரிவெங்கும் பள்ளங்கள் ஓடத் தாழ்ந்து கிடக்கின்றது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையின் பாறைகளும் தொன்மை வாய்ந்தனவே. அவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முன் நிலத்தின் ஆழத்தில் உருவாகி, மேலிருந்தவை தேய்ந்தமையால் வெளிப்பட்டவை. அதனினும் முந்திய காலத்து நிலப்பரப்பை நீரும் காற்றும் புவியோட்டின் பெயர்ச்சியும் பெரும்பாலும் அழித்துவிட்டன. செவ்வாயிலோ அத்தகைய நிலம் இன்றும் எஞ்சியுள்ளது. கோள்களின் இளமைக் காலத்தைக் கற்க விழைவார்க்கு அம்மலை கிடைத்தற்கரிய ஏடன்றோ!

இனிச் செலவைக் கருதுவோம். மங்கள்யானின் செலவு ஏறத்தாழ 450 கோடி ரூபாய். ஆறு திங்கட்கென அனுப்பப்பெற்ற அக்கலம், 2022 வரை ஏழாண்டுக்கு மேல் உழைத்தது. தமிழ்நாட்டரசு மது விற்பனையால் 2023-24ஆம் ஓராண்டிற் பெற்ற வருவாயோ 45,000 கோடி ரூபாய்க்கு மேல். எனவே, கருணாபுரத்திற்குச் சேரவேண்டிய பொருளைச் செவ்வாய் உண்டுவிட்டது என்பார் கூற்றுப் பொருந்தாது.

ஆயினும் வினவுவோர் முற்றும் பிழைபட்டாரல்லர். அப்படத்தின் ஒரு புள்ளி 166 மீட்டர் அகல நிலத்தைக் குறிக்கும். அவ்வளவில் நோக்கின் கருணாபுரத்துச் சிறு தெரு ஒன்றிரண்டு புள்ளிகளுள் மறைந்துபோம். காமிராவுக்கு அது குற்றமன்று, கற்றவர்க்கோ குற்றமாம். மெத்தனால் உடலிற் புக்கு ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைத்து உயிரையும் போக்கும் என்பதும், மணத்தாலும் சுவையாலும் அதனைப் பிரித்தறிதல் அரிதென்பதும், கண் மங்கத் தொடங்கியதும் மருத்துவமனைக்கு விரைந்தார்க்குப் பிழைக்க வழியுண்டென்பதும் வேதியியல் கற்போர் அறிந்தவையே. அவ்வறிவு தெருவிற்குச் சென்றதா?

அறியாமை ஒன்றே அச்சாவுகட்குக் காரணமென்று யாம் கூறோம். வறுமையும், சட்டத்தை மீறி விற்றாரும், தடுக்கத் தவறினாரும் காரணமாவர். அவற்றைத் திருத்துதல் அரசின் கடமை. அறிந்ததைக் கொண்டு சேர்த்தல் நம் கடமை. விடுமுறைதோறும் கல்லூரி மாணவர் இத்தகைய தெருக்களுக்குச் சென்று இதனை எடுத்துரைத்தல் வேண்டும். தமிழ் பயிலும் எம்மனோர்க்கும் இதிற் பங்குண்டு; வேதியியலார் அறிந்ததை எளிய சொல்லில் எழுதித் தருதல் எம் பணி.

அங்ஙனம் செல்லுங்கால் செவ்வாய் மலையின் படத்தையும் உடன்கொண்டு செல்வோமாக. கருணாபுரத்தார் தரும் வரியும் சேர்ந்தே அக்கலம் பறந்தது. அப்படம் அவர்தம் பிள்ளைகட்கும் உரியது.