கன்னியாகுமரியின் வரவும் பற்றும்

பாரத தேசத்தின் தென்கோடியில் முக்கடல் கூடுமிடத்தை ஒருமுறையேனும் காண விரும்பாதார் நம் நாட்டில் வெகு சிலரே. ஆயினும், இரண்டு நாள் தங்கிச் செல்லும் யாத்ரீகர் காணும் கன்னியாகுமரி வேறு; ஆண்டு முழுதும் அங்கே குடியிருக்கும் ஜனங்கள் காணும் கன்னியாகுமரி வேறு. முன்னவரின் ஆனந்தத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். பின்னவரின் லாப நஷ்டத்தை நிறுத்துப் பார்ப்பது நமது கடமையாகும்.

முதலில் வரவைச் சொல்வோம். 1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் தியானத்தில் அமர்ந்த பாறையில் 1970ஆம் வருஷம் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. 2000 ஜனவரி முதல் தேதி 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. காந்தியடிகளின் அஸ்தி 1948இல் இக்கடலில் கரைக்கப்பட்டதை நினைவூட்டும் மண்டபமும் கரையில் நிற்கிறது. இவற்றை நாடி வரும் கூட்டத்தால் விடுதிகளும் உணவுச் சாலைகளும் வாடகை வண்டிகளும் சங்கு சிப்பி வியாபாரமும் தழைத்திருக்கின்றன. சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையினால் கரையில் கட்டுண்டு கிடக்கும் நாட்களில்தான் பள்ளி விடுமுறைக் கூட்டம் ஊரில் நிறைகிறது. கடல் கொடாத காலத்தில் கரை சிறிது கூலி கொடுக்கிறது. ஏழைக் குடும்பத்திற்கு இஃது அற்ப நன்மையன்று.

இனிப் பற்றைப் பார்ப்போம். 2011ஆம் வருஷத்து ஜனக்கணிதப்படி இவ்வூரின் ஜனத்தொகை இருபதினாயிரத்துச் சொச்சமே. இச்சிற்றூரின் தெருவும் குழாயும் சாக்கடையும், கார்த்திகை பிறந்தது முதல் ஐயப்ப பக்தர்களும் ஏனைய யாத்ரீகர்களும் திரளும் மாதங்களில், தம் சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமக்கின்றன. கூட்டத்தோடு பண்டங்களின் விலையும் வீட்டு வாடகையும் மனை விலையும் ஏறுகின்றன. கூட்டம் கலைந்த பின் அவை எளிதில் இறங்குவதில்லை. மனைக்குச் சொந்தக்காரன் செழிக்கிறான். வாடகைக்குக் குடியிருப்பவன் ஒதுங்குகிறான். லாபம் சிலருக்கு, இடைஞ்சல் எல்லோருக்கும் என்பதே இக்கணக்கின் சாரம்.

நிற்க, ஒரே தொழிலை நம்பியிருப்பதிலும் அபாயம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலும் இக்கரையைத் தாக்கின. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது கடல் அமைதியாகவே இருந்தது. ஆனால் யாத்ரீகர் வரவில்லை. சேமிப்புள்ள முதலாளி தாங்கினான், அன்றாடங்காய்ச்சி தவித்தான்.

யாத்ரீகரை வரவேண்டாமென்று சொல்வது நமது கட்சியன்று. அது பேதைமை. எனினும், இத்தாலி தேசத்து வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் முதல் குறிப்பிட்ட தினங்களில் பகற்பொழுது மட்டும் வந்துபோகும் பிரயாணிகளிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வோர் 2024 மே 7 முதல் இ-பாஸ் பெறலாயினர். ஓர் ஊர் தாங்கும் பாரத்திற்கு அளவுண்டு என்பதை இவை ஒப்புக்கொள்கின்றன. கன்னியாகுமரிக்கு அதே ஏற்பாடு பொருந்துமா என்பது வேறு விஷயம். யாத்ரீகரால் வரும் வருமானத்தில் நியாயமான பங்கு குடிதண்ணீருக்கும் சுகாதாரத்திற்கும் முதலில் செலவாக வேண்டும். ஸ்தல ஸ்தாபனம் அக்கணக்கைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். புதிய கட்டடம் எழுமுன் மீனவர் உள்ளிட்ட ஊராரின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். இம்மூன்றும் எந்த ஏற்பாட்டிற்கும் முந்தியவை.

இந்த ஜில்லா 1956 நவம்பர் முதல் தேதி தாய்த்தமிழகத்தோடு இணைந்தது, ஜனங்கள் போராடிப் பெற்ற வெற்றியாகும். தங்கள் மண் எந்த ராஜ்யத்தைச் சேர வேண்டுமென்று தீர்மானித்த ஜனங்களுக்கு, தங்கள் தெருவை எப்படி நிர்வகிக்க வேண்டுமென்று சொல்ல உரிமையில்லை என்று யார் சொல்லத் துணிவார்? அவ்வுரிமையை வற்புறுத்திக் கேட்பது இன்றைய தேசபக்தர்களின் வேலை.