லேபிள் இல்லாத கெசட்

போன லீவுக்கு ராகலைக்குப் போனபோது மாமாவின் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். உள்ளே 31 கெசட். பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்துவிட்டது. எங்கள் ஊர்ப் பனிக்குத் துவைத்த உடுப்பே மூன்று நாளைக்குக் காயாது, டேப்பைப் பற்றிச் சொல்லவும் வேணுமா?

அந்த 31இல் கம்பனி வெளியிட்ட ஒரிஜினல் நாலுதான். மிச்சம் எல்லாம் டவுனில் இருந்த ரெக்கோடிங் பாரில் அடித்தவை. ரெக்கோடிங் பாரை நம்ம செட்டில் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, வெறும் கெசட் ஒன்றோடு கடையில் கொடுத்துவிட வேண்டும். பிறகு போனால் பாட்டெல்லாம் ஏறியிருக்கும். பாடினவரிடமோ வெளியிட்டவரிடமோ யாரும் அனுமதி கேட்டதில்லை. சுருக்கமாகச் சொன்னால், எங்கள் மாமா ஒரு பூட்லெக் சேகரிப்பாளர். அந்தச் சொல் அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்கு அந்தச் சொல்லைக் கற்றுத்தந்தவர் பொப் டிலன். 2016இல் அவருக்கு இலக்கிய நோபல் கொடுத்தபோது "பாட்டுக்காரனுக்கு எதுக்கு இலக்கியப் பரிசு?" என்று உலகமே சண்டை போட்டது. கெம்பஸ் வந்த முதல் வருஷம், ஹொஸ்டலில் ஒரு அக்காவின் பென் டிரைவில் இருந்து அவருடைய அல்பங்களை எடுத்தேன். முதலில் அதிகாரபூர்வமானவற்றை மட்டும் வரிசையாகச் சேர்த்தேன். பிறகு புத்தி கெட்டுப்போய், வெளிவராத பதிவுகள் பக்கம் போனேன். அங்கே போனவர் சுலபத்தில் திரும்ப மாட்டார்.

"இது களவுதானே?" என்று ரூம்மேட் கேட்டாள். நியாயமான கேள்வி. நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பாடுகிறவருக்குச் சேர வேண்டிய காசைத் தின்று கொழுத்த பூட்லெக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் டிலனின் கதையைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு லேசாக முடியாது.

1969இல் "கிரேட் வைட் வொண்டர்" என்ற இரட்டை இசைத்தட்டு அமெரிக்காவில் களவாக வெளிவந்தது. வெள்ளை அட்டை, அதில் பாடகர் பெயர் கூட இல்லை. 1961இல் மினியாபொலிசில் பதிந்த டேப்பும், 1967இல் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் நண்பர்களோடு பாடிப் பதிந்ததும் அதில் கலந்திருந்தன. அந்த நிலக்கீழ் அறைப் பாட்டுகளில் ஒரு பகுதியைக் கம்பனி வெளியிட்டது 1975இல்தான். 1991இல் பழைய பதிவுகளைத் தொடராக வெளியிடத் தொடங்கியபோது அந்தத் தொடருக்குக் கம்பனி வைத்த பெயரே "பூட்லெக் சீரிஸ்".

அந்த முதல் பெட்டியில் "பிளைண்ட் வில்லி மெக்டெல்" என்ற பாட்டு இருக்கிறது. 1983இல் பதிந்து, அந்த வருஷத்து அல்பத்தில் சேர்க்காமல் விட்டது. களவு டேப்பில் கைமாறிக் கைமாறித்தான் ஆட்கள் அதைக் கேட்டார்கள். இன்று அவருடைய மிகச் சிறந்த பாட்டுகளில் அது ஒன்று என்று பேசுகிறார்கள். பாடினவரே வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கேட்டவர்கள் காப்பாற்றினார்கள். இது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் முடிவாகச் சொல்லத் தெரியாது. கேட்கக் கிடைத்ததில் சந்தோஷம் என்பதை மட்டும் மறைக்க மாட்டேன்.

ஆனால் டிலன் பூட்லெக்குகளில் எனக்குப் பெரிய பாடம் வேறு இடத்தில் கிடைத்தது. 1966 மே 17 கச்சேரி. டிலன் மின்சார கிட்டாரோடு நிற்கிறார், நாட்டுப்புறப் பாட்டை விட்டு ரொக் பக்கம் போய்விட்டார் என்ற கோபத்தில் கூட்டத்தில் ஒருவர் "யூதாஸ்!" என்று கத்துகிறார். அந்தப் பதிவு பல வருஷமாக "ரோயல் அல்பர்ட் ஹோல்" கச்சேரி என்று ஓடியது. அதாவது லண்டன். உண்மையில் அது நடந்தது மான்செஸ்டரில், ஃப்ரீ டிரேட் ஹோலில். 1998இல் அதிகாரபூர்வமாக வெளியிட்டபோது கூட, அந்தப் பிழையான பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத்தான் வெளியிட்டார்கள். அவ்வளவு தூரம் அது ஒட்டிக்கொண்டது. டேப்பில் எவனோ பிழையாக எழுதின ஒரு வரிக்கு அவ்வளவு ஆயுள். அதைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், எந்த ஊர், எந்தத் திகதி, எந்தப் பாட்டுக்குப் பிறகு எது என்று குறித்துவைத்த ஒரு கூட்டம் இருந்தது.

இப்போது மாமாவின் டின்னுக்கு வருவோம்.

அதில் அதிகம் இருந்தது நம் நாட்டுத் தமிழ் பொப். ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம். நமக்கு நாட்டுப்புற ரொக் என்று ஒன்று இருந்தால் அதற்குக் கிட்ட நிற்பது இதுதான் என்பது என் கருத்து. போர்த்துக்கேயர் காலத்தில் இருந்து வந்த பைலாத் தாளம், கையில் கிட்டார், வாயில் வீட்டுப் பேச்சு. மாமியும் கள்ளுக்கடையும் மேடையில் பாட்டானது அங்கேதான். "சுராங்கனி" தெரியாத தமிழர் இருக்கிறார்களா? 1977இல் "அவர் எனக்கே சொந்தம்" படம் வழியாகத் தமிழ்நாட்டுச் சினிமாவுக்கே அது போனது.

சரி, அந்தப் பாட்டை இன்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரே பாட்டு எத்தனையோ தடவை ஏற்றப்பட்டிருக்கும். எந்த வருஷம், யார் கிட்டார், மேடையா ஸ்டூடியோவா என்ற விபரத்தைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டோம். அவருடைய ரெக்கோட்டுகளை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் போட எத்தனை பேர் உட்கார்ந்தோம்? நம்மிடம் பிரதிகளுக்குக் குறைவில்லை. பிரதியோடு சேர்த்து வைக்க வேண்டிய குறிப்புத்தான் இல்லை.

இதை நான் அடுத்தவருக்குச் சொல்லும் குற்றச்சாட்டாக எழுதவில்லை. 27ஆவது கெசட்டைக் கேட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

அதன் அட்டையில் "பொப் 3" என்று மட்டும் மாமாவின் கையெழுத்து. பி பக்கத்தில் மனோகரன் பாட்டு நடுவில் அறுந்து, டக் என்று ஒரு சத்தம். பிறகு தகரத்தில் மழை விழும் சத்தம். ஒரு குழந்தை சிணுங்குகிறது. ஒரு பெண் தாலாட்டுப் பாடுகிறாள். நாலு நிமிஷம் இருக்கும். அவள் குரலில் நாள் முழுக்க மலையில் நின்ற களைப்பு இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் கூடச் சுருதி விலகவில்லை. பாட்டு முடிகிற நேரம் டேப் தீர்ந்துபோகிறது.

மாமாவுக்கு போன் எடுத்தேன். "பக்கத்து லயத்து அக்கா யாராவது இருக்கும் புள்ள. புது ரேடியோ வாங்கினப்போ சும்மா அமுக்கிப் பார்த்திருப்பேன்" என்றார். அம்மாயியிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது மேல் டிவிசன்காரி குரல் மாதிரி இருக்கு ஆயி, அவ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம்" என்றா. அடுத்த நாள் கேட்டால் வேறொரு பெயர் சொன்னா. மூன்றாம் நாள், "எல்லாருந்தான் பாடுனோம், யாருன்னு கண்டோம்" என்று முடித்துவிட்டா.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டங்களில் பாடப்பட்டவற்றைத் திரட்டி "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று 1983இல் புத்தகமாக்கித் தந்தார். அவர் இல்லாவிட்டால் அந்த வார்த்தைகளில் பெரும்பகுதி போயிருக்கும். ஆனால் புத்தகத்துக்குக் குரல் கிடையாது. குரலைப் பிடிக்கக்கூடிய கருவி மாமாவின் கையில் இருந்தது, பிடித்தும் விட்டார். ஒரு பேனையால் பெயரையும் எழுதியிருந்தால் போதும். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. சொந்த லயத்துப் பாட்டை எழுதிவைக்க வேண்டிய ஒன்றாக யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. மனோகரன் பாட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. பக்கத்துக் காம்பராப் பாட்டு, தினமும் கேட்கிற பாட்டு.

டிலன் ஒரு பாட்டை ஐந்து விதமாகப் பாடிப் பார்த்தால் அந்த ஐந்தையும் திகதியோடு என்னால் சொல்ல முடியும். எங்கள் மலையில் பாடின ஒருத்தியின் பெயரை என்னால் சொல்ல முடியவில்லை. சேகரிப்பாளர் என்று பெருமையடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"அப்போ அதை யூடியூப்பில் போடு, யாராவது அடையாளம் கண்டு சொல்வாங்க" என்றாள் ரூம்மேட். முன்பு என்றால் போட்டிருப்பேன். டிலனுக்குக் கம்பனி இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், அவர் பேசிக்கொள்வார். இந்தப் பெண் கூட்டத்துக்காகப் பாடவில்லை. தன் பிள்ளை தூங்கப் பாடினாள். அந்தப் பிள்ளை இன்று எங்கேயோ ஒரு பெரிய ஆளாக இருக்கும். முதலில் அவர்களைத் தேடிக் கேட்க வேண்டும். மேல் டிவிசனில் வீடு வீடாகப் போட்டுக் காட்டுவதற்கு அடுத்த லீவு முழுக்கப் போனாலும் பரவாயில்லை.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது சின்ன வேலை. அடுத்த மாசியில் காமன் கூத்தைப் போனில் பிடிப்பீர்கள்தானே? பிடித்த உடனே ஃபைலுக்குப் பெயர் மாற்றுங்கள். பாடினவர், தப்பு அடித்தவர், தோட்டம், திகதி. ஒரு நிமிஷ வேலை. வீட்டில் பழைய கெசட் இருந்தால் எறிவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஓட விட்டுக் கேளுங்கள்.

நான் அந்த நாலு நிமிஷத்தையும் லெப்டொப்பில் ஏற்றிவிட்டேன். இப்போதைக்கு ஃபைலின் பெயர்: "தாலாட்டு, பெண் குரல், பெயர் கேட்க வேண்டும், ராகலை, மாமாவின் கெசட் 27, பி பக்கம்."