குழு லோன் கட்டலன்னா என்ன ஆகும்?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கும் ஒரு மொக்கைப் பதிவு போட்டுட்டு ஓடிடலாம்னுதான் உக்கார்ந்தேன். ஆனா போன ஞாயித்துக்கிழமை நடந்தது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. இறக்கி வெச்சாதான் தூக்கம் வரும்போல. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

ஊருக்கு வந்திருந்தேன். ஊர்னா முதலியார்பேட்டை. பாண்டிச்சேரின்னதும் பீச்சும் மஞ்சள் கலர் பில்டிங்கும் ஞாபகம் வர்றவங்களுக்கு: நாங்க அந்தப் பக்கம் இல்லீங்க. கடலூர் ரோட்டுப் பக்கம், மில்லு ஏரியா. ஏஎஃப்டி மில் 2020-ல மூடுற வரைக்கும் இங்க எவ்வளவோ வீட்டுல அதுதான் சோறு. மில்லு போனப்புறம் அந்த வீடுகளை யார் ஓட்டுறாங்கன்னு ஒரு வாரம் தெருவுல நின்னு பாத்தாலே தெரியும். வீட்டு வேலை, தையல், இட்லி மாவு, அப்புறம் குழு லோன்.

சித்தி வீடு அடுத்த தெரு. காபியைக் கையில குடுத்த கையோட போனையும் நீட்டினாங்க.

"டேய், நீ ஏதோ தேடுற கம்பெனியிலதான வேலை பாக்குற? எனக்கு ஒண்ணு தேடிக் குடு."

தேடுற கம்பெனி எல்லாம் இல்ல. ஒரு ஆன்லைன் கடையில, நீங்க நீலச் சட்டைன்னு அடிச்சா நீலச் சட்டைய முன்னாடி கொண்டு வந்து நிறுத்துற டீம்ல நான் ஒரு பொட்டி தட்டுறவன். அதை விளக்கப் போனா காபி ஆறிடும்னு விட்டுட்டேன்.

விஷயம் இதுதான். சித்தி ஒரு கம்பெனியில குழு லோன் எடுத்திருக்காங்க. ஒரே ஒரு வாரம் டியூ தவறிப் போச்சு. அன்னிக்கு ராத்திரி எட்டரை மணிக்கு வசூல் பண்ற பையன் வாசல்ல வந்து நின்னுட்டான். குழுவுல இருக்குற மத்த பொம்பளைங்களையும் கூடவே கூட்டிட்டு வந்திருக்கான். தெருவே வேடிக்கை. சித்தப்பா வீட்டுல இருந்தாரு. ஆனா உள்ள ரூம்ல. டிவி பாத்துக்கிட்டு. வாசல்ல நின்னது சித்தி மட்டும்தான்.

"ராத்திரில வந்து நிக்கலாமாடா அவங்க? அதுக்கு ஏதாச்சும் ரூல் இருக்கா?"

சித்தி போன்லயே, சித்தி அடிக்கிற மாதிரியே அடிச்சேன். குழு லோன் கட்டலன்னா என்ன ஆகும். வந்தது என்ன தெரியுமா? அஞ்சு நிமிஷத்துல கடன் தர்ற ஆப்புங்க. மகளிர் சுய உதவிக் குழு ஆரம்பிப்பது எப்படின்னு ஒரு அரசாங்கப் பக்கம். ரெண்டு மூணு வீடியோ, அதுல ஒருத்தர் பத்து நிமிஷம் பேசி, கடைசியில தன்னோட நம்பருக்குக் கூப்பிடச் சொல்றாரு. அவ்வளவுதான்.

அதே கேள்விய என் போன்ல இங்கிலீஷ்ல அடிச்சேன். மூணு நிமிஷம் ஆகல. 2022-ல ரிசர்வ் வங்கி நுண்கடனுக்குப் போட்ட விதி வந்து நின்னுது. காலை 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் கடன் வாங்கினவங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணக்கூடாது. வசூல் பொதுவா பேசி வெச்ச இடத்துலதான் நடக்கணும். அடுத்தடுத்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ அங்க வரலைன்னாதான் வீட்டுக்கு வரலாம். மிரட்டக்கூடாது, அசிங்கமாப் பேசக்கூடாது. இன்னொரு வரியும் இருக்கு: கடன் அட்டை, வாங்கினவங்களுக்குப் புரியுற மொழியில இருக்கணுமாம்.

விதி தெளிவாத்தான் இருக்கு. ஆனா அது யாருக்காகப் போட்டதோ அவங்க கேக்குற பாஷையில கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குது.

இதுல தொழில் ரகசியம் ஒண்ணும் இல்ல. தேடுபொறின்றது புத்தகத்துக்குப் பின்னாடி இருக்குற சொல்லடைவு மாதிரி. எந்த வார்த்தை எந்தப் பக்கத்துல இருக்குன்னு ஒரு பெரிய பட்டியல். கூடவே, எல்லாப் பக்கத்துலயும் வர்ற வார்த்தைக்கு மதிப்பு கம்மி, அபூர்வமா வர்ற வார்த்தைக்கு மதிப்பு ஜாஸ்தின்னு ஒரு கணக்கு. அந்தக் கணக்கை 1972-ல எழுதினது கேம்பிரிட்ஜ்ல இருந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ்ன்ற அம்மா. அவங்களை அதே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆக்கினது 1999-ல. (இருபத்தேழு வருஷம்! நம்ம ஊரு ப்ரமோஷனே பரவாயில்ல.)

தமிழ்ல இந்தப் பட்டியல் போடுறது கொஞ்சம் வில்லங்கம். கடன், கடனை, கடனுக்கு, கடனால, கடன்காரன்... எல்லாத்தையும் ஒரே வேர்ல கொண்டு போய்க் கட்டணும். கொ-ன்ற எழுத்தையே கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு விதமா சேமிக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், மெஷினுக்கு ரெண்டு. இதையெல்லாம் சரி பண்ண வழி எப்பவோ வந்தாச்சு. பெரிய பஞ்சாயத்து பேச்சுத் தமிழ்தான். சித்தி "கட்டலன்னா"ன்னு கேக்குறாங்க. ஆவணத்துல "செலுத்தத் தவறும் பட்சத்தில்"னு இருக்கு. சித்தி "குழு"ன்னா கம்பெனிக் குழு. அரசாங்கப் பக்கத்துல "குழு"ன்னா பேங்க்ல சேமிச்சுக் கடன் வாங்குற சுய உதவிக் குழு. ரெண்டும் வேற வேற. இப்ப வந்திருக்குற மாடல்கள் வார்த்தைய விட்டுட்டு அர்த்தத்தைப் பிடிக்கப் பாக்குது, ஓரளவுக்குப் பிடிக்கவும் செய்யுது. ஆனா ஒண்ணு. எழுதி வைக்காததை எந்தக் கொம்பன் அல்காரிதமும் கண்டுபிடிச்சுக் குடுக்காது.

அப்ப யாருமே எழுதலையா? இங்கதான் எனக்கு வயிறு எரிஞ்சுது.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம, தமிழ்நாட்டுப் பொம்பளைங்க ஏன் இப்படி உயிரைக் குடுத்தாவது கடனை அடைக்கிறாங்கன்னு இங்கிலீஷ்ல தேடினேன். ஒரு புத்தகம் வந்துது. தி இன்டெப்டட் வுமன், கடன்பட்ட பெண்ணுன்னு வெச்சுக்கலாம். 2023-ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் போட்டது. எழுதினது இசபெல் கெரன், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்ரமணியன். கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்கள்ல, பெரும்பாலும் தலித் பெண்கள் கூடவே வருஷக்கணக்காப் பழகி எழுதினது. இந்த ஆராய்ச்சிக்கு நம்ம பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்தான் ஒரு தாய்வீடு. செயின்ட் லூயி தெருவுல, கடலைப் பாத்தாப்புல நிக்குதே, 1955-ல ஆரம்பிச்சது, அதேதான். சித்தி வீட்டுலேருந்து ஷேர் ஆட்டோ தூரம்.

புத்தகம் சொல்றது என்னன்னா: கடன் வாங்குறதும் கட்டுறதும், ஒண்ணை அடைக்க இன்னொண்ணு புரட்டுறதும், கடன்காரங்களுக்கு முகம் குடுத்துச் சமாளிக்கிறதும் ஒரு வேலை. சமையல் மாதிரி, தண்ணி பிடிக்கிற மாதிரி, கூலி இல்லாத வேலை. அது பொம்பளை தலையில விழுது. கடன் குடும்பத்துக்கு, அவமானம் அவளுக்கு. டியூ ஒழுங்காக் கட்டுறதும் அவளோட ஒழுக்கமும் ஒண்ணாச் சேத்து முடிச்சுப் போடப்பட்டிருக்கு. அந்த முடிச்சுதான் கடன் குடுக்குறவனுக்கு அடமானம்.

படிச்சுட்டு உள்ள ரூம்ல டிவி பாத்துக்கிட்டிருந்த சித்தப்பாவை நினைச்சேன். சித்தி வாசல்ல நின்னதையும். ஏதோ இவங்க வீட்டுலயே உக்கார்ந்து எழுதின மாதிரி இருந்துது.

நல்ல ஆராய்ச்சி, சந்தேகமே இல்ல. நான் சண்டைக்குப் போறது அவங்க கூட இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்தப் பொம்பளைங்க பேசினது தமிழ்ல. தண்டல், கந்துவட்டி, வாரக் குழு, சீட்டு, கைமாத்து, அடகு. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பேரு, ஒவ்வொரு பேருக்கும் ஒரு மரியாதை, ஒரு அவமானம். இந்த வார்த்தைங்க நோட்டுப் புத்தகத்துல ஏறி, இங்கிலீஷா மாறி, ஜர்னலுக்கும் புத்தகத்துக்கும் போகுது. வாசிக்கிறவங்க பாரிஸ்லயும் லண்டன்லயும் டெல்லிலயும் இருக்காங்க. போன வார்த்தை திரும்பி வரல. சித்தி போன்ல அதே வார்த்தைய அடிச்சா, அந்த ஆராய்ச்சியோட நிழல் கூட விழல.

ஏன்னு கேட்டா பதில் சுலபம். தமிழ்ல எழுதினா யாரும் மார்க் போட மாட்டாங்க. இங்கிலீஷ் ஜர்னல்ல வந்தா வேலை, ப்ரமோஷன், அடுத்த ப்ராஜெக்டுக்குப் பணம். கூகிளோட மூலக்கணக்கே, யார் யாரை மேற்கோள் காட்டுறாங்கன்னு எண்ணுற கல்வி உலகப் பழக்கத்துலேருந்து 1998-ல வந்ததுதானே? மேற்கோள் இருக்குற இடத்துக்கே இன்னும் மேற்கோள் சேரும். இல்லாதவன் கடைசிப் பக்கத்துல.

ஊருக்கு உபதேசம் பண்றியே, நீ என்ன கிழிச்சேன்னு கேப்பீங்க. கேளுங்க. இன்ஜினியரிங் கடைசி வருஷம் நான் பண்ண ப்ராஜெக்ட், தமிழ் வார்த்தைங்களுக்கு வேர்ச்சொல் கண்டுபிடிக்கிற ப்ரோக்ராம். எண்பது பக்க ரிப்போர்ட். அதுல ஒரு தமிழ் எழுத்து கிடையாது. எல்லா வார்த்தையும் இங்கிலீஷ் எழுத்துல. ஃபாண்ட் பிரச்சனை வரும், பைண்டிங் கடையில கட்டம் கட்டமா வந்துடும்னு கைடு சொன்னாரு, நானும் சரின்னுட்டேன். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டது 2010-ல. நான் ரிப்போர்ட் எழுதினது அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு. ஃபாண்ட் மேல பழி போட்டது வெறும் சோம்பேறித்தனம். அந்த ரிப்போர்ட் இப்ப எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. தேடினாலும் கிடைக்காது, ஹிஹி.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. ஆனந்தரங்கப் பிள்ளை தெரியும்தானே? துப்ளேவோட துபாஷி. 1736-லேருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினாரு. தமிழ்ல, அதுவும் பேசுற தமிழ்ல. ஒரு விதத்துல நம்ம எல்லாருக்கும் மூத்த பதிவர்! பிரெஞ்சுக்காரங்க பிரதி எடுத்தாங்க, மொழிபெயர்த்தாங்க. மெட்ராஸ் அரசாங்கம் 1904-லேருந்து 1928 வரைக்கும் 12 தொகுதியா இங்கிலீஷ்ல கொண்டு வந்துது. தமிழ்ல எழுதினது தமிழ்ல அச்சேற 1948 வரைக்கும் காத்துக்கிட்டு இருந்துது. வெள்ளைக்காரன் படிச்சு முடிச்சு, குறிப்பு எழுதி, அலமாரியில வெச்சப்புறம்தான் நம்ம முறை.

அதுக்கப்புறமும் அது சாதாரண ஜனங்க கைக்கு வந்துச்சான்னா, இல்ல. என் கைக்கு வந்தது பிரபஞ்சன் புண்ணியத்துல. மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ரெண்டும் அந்த நாட்குறிப்பைக் கரைச்சுக் குடிச்சு எழுதினதுதான். வானம் வசப்படும் 1995-ல சாகித்ய அகாடமி வாங்குச்சு. எங்க தெரு லைப்ரரியன் கையில திணிச்ச புத்தகம் அது. துப்ளேவும் அவர் பொண்டாட்டி ழானும் நம்ம தெருவுல நடந்து போற மாதிரி இருக்கும். ஆவணக் காப்பகமும் பல்கலைக்கழகமும் பண்ணாததை ஒரு கதைக்காரர் பண்ணாரு. ஏன்னா அவருக்கு வாசகன் முதலியார்பேட்டையில இருந்தான், பாரிஸ்ல இல்ல. (ரெண்டு கலாச்சாரம் சேர்ற கதைன்னா நம்ம ஊருக்கு எப்பவும் பஞ்சமில்ல. அரி கோத்தியே பிரெஞ்சுல எழுதின பாண்டிச்சேரி நாவல் பேரே திண்ணை. நான் இங்கிலீஷ்ல படிச்சேன். நல்ல நாவல். ஆனா திண்ணையப் பத்தி இங்கிலீஷ்ல படிக்கிறப்போ லேசா சிரிப்பு வந்துது.)

அதனால ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட நான் கேக்குறது புத்தகம் முழுசும் மொழிபெயர்ப்பு எல்லாம் இல்ல. ஒவ்வொரு கட்டுரைக்கும் ரெண்டு பக்கம் தமிழ். யூனிகோடுல, ஸ்கேன் பண்ண படமா இல்லாம. முக்கியமா அந்தப் பொம்பளைங்க சொன்ன அதே வார்த்தையில. "முறைசாரா நிதிச் சேவை"ன்னு எழுதினா அதையும் யாரும் தேட மாட்டாங்க. தண்டல்னா தண்டல். பணம் குடுக்குற நிறுவனங்க, இந்த ரெண்டு பக்கம் இல்லாம கடைசித் தவணை தர மாட்டோம்னு ஒரு வரி சேத்தாப் போதும், அடுத்த வருஷமே எல்லாரும் எழுதுவாங்க. மெஷினே மொழிபெயர்த்துடுமேன்னு ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான். மெஷினுக்கும் தண்டல்னா என்னன்னு யாராச்சும் தமிழ்ல எழுதி வெச்சிருந்தாதானே தெரியும்?

இன்னிக்கும் பேச்சுத் தமிழ்ல எதையாச்சும் தேடி உருப்படியா ஒரு பக்கம் எனக்குக் கிடைச்சுதுன்னா, பாதி நேரம் அது 2004, 2005 வாக்குல உங்களை மாதிரி ஒருத்தர் ராத்திரி பன்னெண்டு மணிக்கு எழுதி வெச்சதுதான். சம்பளம் இல்லாம, மார்க் இல்லாம.

சரி, சித்தி கதைக்கு வர்றேன். மறுநாள் காலைல ரிசர்வ் வங்கி விதியத் தமிழ்ல ஒரு பக்கத்துக்கு எழுதி, கடலூர் ரோட்டுல ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். இருபது காப்பி. சித்தி கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒரு வரி விடாம படிச்சாங்க. அப்புறம் பேனா கேட்டாங்க.

"இன்னாடா இது, தவணைன்னு போட்டிருக்க? டியூன்னு போடு. அப்பதான் எங்க குழுவுல படிப்பாளுங்க."

இருபது காப்பியிலயும் அடிச்சு அடிச்சுத் திருத்திட்டுதான் சென்னைக்கு பஸ் ஏறினேன்.