சந்தா எங்களுடையது, கதை யாருடையது?

நெல்லியடிச் சந்தியிலிருந்து கரவெட்டிப் பக்கமாக நடந்தால், ஓட்டு வீடு, மாடி வீடு என்ற பேதமின்றிச் செய்மதித் தட்டுகளைக் காணலாம். அண்மையில் அங்கே உறவினர் வீடொன்றுக்குப் போயிருந்தேன். மாமி சென்னைத் தொடர் ஒன்றில் மூழ்கியிருந்தார். "உதில எங்கட சனத்தின்ர கதை ஒண்டும் வராதோ மாமி?" என்று கேட்டேன். "எங்கட கதையை ஆர் தம்பி எடுக்கிறது? காசு கட்டுறம், வாறதைப் பாக்கிறம்" என்றார். பாரிஸில் வாழும் அவருடைய மகனும் அதே தொடர்களுக்குத்தான் சந்தா கட்டுகிறான்.

அந்த மகன் வாழும் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1984 நவம்பர் 4இல் பிரான்ஸின் முதலாவது கட்டணத் தொலைக்காட்சியான கனால் பிளஸ் தொடங்கியது. புதிய திரைப்படங்களையும் உதைபந்தாட்டத்தையும் காட்டிச் சம்பாதிக்க அரசு அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. வருமானத்தில் குறித்த பங்கைத் திரைப்படத்துறைக்கு, அதிலும் பிரெஞ்சுப் படங்களுக்கு, செலவிட வேண்டும் என்ற கடமையையும் விதித்தது. 1996இல் கனால்சற்றலைற் இலக்கமுறைச் செய்மதிச் சேவையானது. அதே ஆண்டில் ரிபிஎஸ் போட்டிக்கு வந்தது. 2007இல் இரண்டும் ஒன்றாயின. நிறுவனங்கள் மாறின, தொழில்நுட்பம் மாறியது, கடமை நீங்கவில்லை. 2025 மார்ச்சிலும் கனால் பிளஸ், மூன்று ஆண்டுகளுக்கு 48 கோடி யூரோவைத் திரைப்படத்துறைக்கு ஒதுக்க உடன்பட்டது.

இதன் பலன் நமக்குக்கூடக் கிடைத்தது. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதை வென்ற 'தீபன்' பெரும்பகுதி தமிழிலே பேசும் படம். நாயகன் அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி. இயக்கியவர் ஜாக் ஓடியார். கூட்டுத் தயாரிப்பாளர்களுள் ஒன்று பிரெஞ்சு அரச தொலைக்காட்சியான பிரான்ஸ் 2இன் திரைப்படப் பிரிவு. நம் அகதியின் கதைக்கு அயலவன் பணம் போட்டான். அந்த ஆண்டிலும் நாம் சந்தா கட்டிக்கொண்டுதான் இருந்தோம். அதில் எத்தனை சதம் நம் கதைக்குப் போனது?

நமக்குப் பணம் திரட்டத் தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது. இயக்கத்தின் குரலாகக் கருதப்பட்ட ரிரிஎன் பாரிஸிலிருந்து ஒளிபரப்பாகி 2007இல் நிறுத்தப்பட்டது. பிரசாரத்துக்குத் தொலைக்காட்சி நடத்தத் தெரிந்த சமூகம், நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் ஒரு நிதியத்தை ஏன் அமைக்கவில்லை?

"நாங்கள் சிறிய சந்தை" என்பார்கள். சிறிய சந்தைக்குத்தானே பாதுகாப்பு வேண்டும்! ஹொலிவூட்டுக்கு முன்னால் பிரான்ஸே தன்னைச் சிறியதாகக் கருதித்தான் இந்த ஏற்பாட்டைப் பேணிவருகிறது. சென்னைமீது எனக்குக் கோபமில்லை. உயர்ந்த கம்பத்தில் அன்ரெனாவைத் திருப்பித் திருப்பித் தூர்தர்ஷனைத் தேடிய தலைமுறை என்னுடையது. ஆனால் அன்று காற்றில் வந்ததை இலவசமாகப் பார்த்தோம். இன்று மாதந்தோறும் பணம் கொடுக்கிறோம். பணம் கொடுப்பவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு.

கொழும்புக்கும் இது புதிதல்ல. 2006ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வெளிநாட்டுத் தொலைக்காட்சி நாடகங்கள்மீது வரி விதித்தது. தனியார் தொலைக்காட்சிகளுக்கு 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் உரிமம் வழங்கப்படுகிறது. கட்டணச் சேவைகளின் உரிமத்தில் ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: தமிழ் அலைவரிசைகளுக்காக வசூலிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாவிலும் ஐந்து ரூபா இந்நாட்டுத் தமிழ்ப் படைப்புகளுக்கு. வடக்கு, கிழக்கு, மலையகம் மூன்றுக்கும் பங்கு. அமைச்சரின் கைக்கு அல்ல, கலைஞர்களும் பார்வையாளர்களும் அமர்ந்த சுயாதீன சபைக்கு.

பழியில் எனக்கும் பங்குண்டு. முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவன் நான். சினிமாப் பக்கத்தைச் சென்னைச் செய்திகளால் நிரப்பியவர்களில் ஒருவன். உள்ளூர்ப் படமொன்று வந்தால் ஒரு மூலையில் நான்கு வரி போட்டோம். அதனால்தான் இன்று உரக்கக் கேட்கிறேன். வடக்கு, கிழக்கு, மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களே, அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் இந்த ஐந்து ரூபாவைப் பற்றி ஒருவராவது பேசுவீர்களா?